வேஸ்ட் மூட்டையைக் காட்டிக்கொடுத்த படம்

2005 செப்டம்பர் 4, ஞாயிறு. வழக்கம்போல் பேப்பர் படித்து முடித்து, ஆட்டுக்கறி வாங்கிக் கொடுத்துவிட்டு, தையல் மிஷின்களுக்கு எண்ணெய் விட்டேன். வேலம்பாளையத்தில் எங்களுக்குக் கீழே பனியன் கம்பெனி, மேலே வீடு. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான், இப்போதும் அப்படித்தான். நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

தகப்பனில்லாத என் தங்கச்சி மகளுக்குப் புதன்கிழமை கல்யாணம். நகை மொத்தமும் தாய்மாமன் என் பொறுப்பு. ஆசாரி சனிக்கிழமை மாலைதான் கொண்டுவந்து கொடுத்தார், பேங்க் மூடியாயிற்று. திருடன் வந்தால் முதலில் பீரோவைத்தான் உடைப்பான் என்று சொல்லி, என் மனைவி சரோஜா எல்லாவற்றையும் கீழே ஒரு கட்டிங் வேஸ்ட் மூட்டைக்குள் திணித்துவிட்டாள். வெட்டி மிஞ்சிய பனியன் துணிக்குள் யார் கையை விடப்போகிறார்கள்? எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

மத்தியானம் டிவி போட்டோம். டிவிக்கென்றே எடுத்த துப்பறியும் படம், இந்தியிலிருந்து டப்பிங் செய்தது. நகைக்கடைக் கொள்ளை. கடைக்காரரை நாற்காலியில் கட்டிவைத்து அடிக்கிறார்கள், வாயிலிருந்து ரத்தம் ஒழுகுகிறது, துப்பறிகிறவர் காரில் வந்துகொண்டே இருக்கிறார், வந்து சேரக் காணோம்.

"இந்தாளு வாரதுக்குள்ள நம்ம ஊட்டுக் கல்யாணமே முடிஞ்சிருமுங்க" என்று சரோஜா சிரித்தாள்.

அந்த நேரத்தில்தான் அடிபட்டவர் தலையை நிமிர்த்தி, சுத்தமான எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னார்.

"அடிக்காதீங்க சாமி. வேஸ்ட் மூட்டைக்குள்ள வெச்சிருக்கறனுங்க."

முகம் யாரோ வடநாட்டு நடிகருடையது. குரல் என்னுடையது.

சரோஜா டிவியை அணைத்துவிட்டு என்னையே பார்த்தாள். நான் வாயே திறக்கவில்லை என்றேன். அவள் நேராகக் கீழே இறங்கி, நகையை எடுத்துச் சேலைக்குள் இடுப்போடு கட்டிக்கொண்டு, அடுத்த தெருவில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

பிரித்துப்போட்ட மூட்டையைக் கட்டிவைக்கலாம் என்று சாயங்காலம் நான் கீழே போனேன். பின்னாலேயே இருவர் நுழைந்து ஷட்டரை இறக்கினார்கள். ஒருவன் குமரேசன், போன வருடம் வரை என்னிடம் அயர்ன் போட்டவன். பீரோ எங்கே என்று கேட்கவில்லை. நேராக வேஸ்ட் மூட்டைகளிடம் போய் ஒவ்வொன்றாகக் கத்தியால் கிழித்தார்கள். எதுவும் இல்லை என்றதும் என் பக்கம் திரும்பினார்கள். டெய்லர் நாற்காலியில் பனியன் துணியாலேயே கட்டினார்கள். இரும்புப் பைப்பால் முதல் அடி வாயில். அப்புறம் வலது கையைக் கட்டிங் டேபிள்மேல் பிடித்து வைத்து அடித்தார்கள். வலிக்கு முன்னால் எலும்பு முறிந்த சத்தம் கேட்டது.

அடிக்கும்போதும் குமரேசன் மரியாதையை விடவில்லை. "சொல்லிருங்க முதலாளி. மறுக்கா அடிக்க வெக்காதீங்க."

சொன்னால் அடுத்த அடி சரோஜாவுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

சர்ச்சுக்குப் போயிருந்த எங்கள் டெய்லர் செல்வராஜ், தூத்துக்குடிப் பக்கத்துப் பையன்களோடு திரும்பியது நல்லதாகப் போயிற்று. சத்தம் கேட்டு ஷட்டரைத் தூக்கினார்கள். ஒருவன் தப்பி ஓடினான். ஸ்டூலால் விழுந்த அடியில் குமரேசனின் மண்டை பிளந்தது. போலீஸ் வருவதற்குள் நான் அவனிடம் கேட்டேன்: "வேஸ்ட் மூட்டைன்னு யாருடா சொன்னது?"

"நீங்கதானுங்க. மத்தியானம் பேக்கரில படம் பாத்துட்டு இருந்தமுங்க. சேர்ல கட்டிப்போட்டு அடிச்சாங்களே, அது நீங்கதானுங்களே."

"பொய்யா சொல்லுத?" என்று செல்வராஜ் ஓங்கி அறைந்தான்.

குமரேசன் ரத்தத்தைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தான். "கடைசி வரைக்கும் பாத்தமுங்க முதலாளி."

கல்யாணம் குறித்தபடி நடந்தது, நகையில் ஒரு குண்டுமணி குறையவில்லை. இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாதது அதற்கு முன்னால் நடந்தது.

அடிபட்ட மறுநாள் திங்கட்கிழமை காலையில், கையில் மாவுக்கட்டோடு முதல் வேலையாக அந்த பேக்கரிக்குப் போனேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவரிடம், நேற்றுப் படத்தில் அந்த நகைக்கடைக்காரர் கடைசியில் என்ன ஆனார் என்று கேட்டேன்.

அவர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். வெட்டுக் காயத்தைத் தேடுகிறவர்போல என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.