கலர் ஏற்றாத படம்

எழில் ஸ்டுடியோவில் படம் எடுத்தால் பெண்ணும் மாப்பிள்ளையும் கலராக வருவார்கள் என்று செஞ்சி சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. கலர் என்றால் என்ன கலர் என்று இந்தப் பக்கத்தில் யாரும் விளக்கம் கேட்பதில்லை. கடலைக் கொல்லையில் வெயில் குடித்து வளர்ந்த பிள்ளைகள் மாலையும் கழுத்துமாக மேடையில் நிற்பார்கள். ஆல்பம் வந்து பார்த்தால், பிறந்ததிலிருந்து வாசல்படி தாண்டாதவர்கள் போல இருப்பார்கள். வீட்டுக்காரர்களுக்கு வாயெல்லாம் பல். ஸ்டுடியோக்காரர் எழிலரசனுக்குத்தான் உள்ளுக்குள் உறுத்தும். "நான் லேசாத்தான் ஏத்துனேன், லேப்காரன் வெளுத்துட்டான்" என்பார். அதே படம் போனில் வெளுத்துத் தெரிந்தால் போனைத் திட்டுவார். தன் கம்ப்யூட்டரை மட்டும் அவர் ஒருநாளும் திட்டியதில்லை.

எழிலரசனுக்கு ஐம்பது வயது. கவலைப்படுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. முகூர்த்தத்துக்குப் போகும்போது மாற்று கேமரா ஒன்று, அது மக்கர் செய்தால் என்ன செய்வது என்று இன்னொன்று. தாலி கட்டுகிற நேரத்தில் எவனாவது குறுக்கே வந்து போனை நீட்டுவான் என்று முந்தின நாளே கவலைப்பட ஆரம்பித்துவிடுவார். இத்தனை வருஷத் தொழிலில் ஒரு தாலியைக்கூட அவர் தவறவிட்டதில்லை. இருந்தும் பயம் போகவில்லை. சிலருக்குச் சர்க்கரை மாதிரி அவருக்குப் பயம், மருந்து சாப்பிட்டுக்கொண்டே வாழ்க்கையை ஓட்ட வேண்டியதுதான்.

எதிர்ச்சாரியில் கடை வைத்திருப்பவன் தௌசீஃப். இவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவன், தொழிலில் போட்டி, டீக்கடையில் கூட்டாளி. அவன் ஒரு ஆப்பிள் கம்ப்யூட்டரை வாங்கி, ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வைத்த நாளிலிருந்து இருவருக்கும் டீ ஆறும்வரை அதே சண்டைதான். எழிலரசனுடையது பாண்டிச்சேரியில் உதிரி உதிரியாக வாங்கி மாட்டிய விண்டோஸ். எது கெட்டாலும் கழற்றி வேறு மாட்டலாம். பெட்டியும் மூளையும் எத்தனையோ முறை மாறின. மானிட்டர் மட்டும் முதன்முதலில் வாங்கியது.

"அது கம்ப்யூட்டர் இல்ல பாய், ஷோகேஸ் பொம்ம. திறந்து ஒரு ஸ்க்ரூவ தொட முடியுமா உன்னால?"

"உன்னுது மட்டும் கம்ப்யூட்டரா எழிலண்ணா? ஆன் பண்ணா உள்ள ஃபேன் மாவு மிஷினு ஓடுற மாதிரி கேக்குது."

ஒருநாள் அவன் சிரிக்காமல் சொன்னான்: "அண்ணா, உன் படம்லாம் என் மிஷின்ல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி தெரியுது. மானிட்டர ஒரு தபா பாரு." எழிலரசன் காதில் வாங்கவில்லை. ஆப்பிள்காரன் எல்லாவற்றையும் பளபளவென்றுதான் காட்டுவான், காசு கொடுத்தவன் கண் குளிர வேண்டாமா என்று அவருக்கு எண்ணம். கூடவே இருக்கிற ஆளுக்கு வயதாவது நமக்குத் தெரிவதில்லை. அந்தத் திரை வருஷா வருஷம் மங்கிக்கொண்டே வந்தது அவருக்குத் தெரியவில்லை.

அவருக்கு ஒரே மகள், அன்புக்கரசி. மேல்சித்தாமூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அம்மா மணிமொழியின் நிறம் அப்படியே மகளுக்கு. நல்ல கறுப்பு, எழிலரசன் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்ட கறுப்பு. ஊரார் முகத்துக்கெல்லாம் கலர் ஏற்றினாலும் மகள் முகத்தில் மட்டும் கை வைப்பதில்லை என்பது அவருடைய வைராக்கியம். அவள் பத்தாவது பரீட்சைக்குப் போட்டோ எடுத்ததிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருந்தார். அவளைத் திரைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார வைப்பார். அவள் முகத்தை ஒரு பார்வை, திரையை ஒரு பார்வை, இரண்டும் ஒன்றாகும்வரை விடமாட்டார். அவள் உதட்டைக் கடித்தபடி எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பாள். "முடிஞ்சுதா நைனா?" என்று எழுந்து போய்விடுவாள். வந்த படத்தை அவள் இதுவரை கேட்டு வாங்கியதே இல்லை. டீச்சருக்குப் படம் கிடம் எல்லாம் பிடிக்காது என்று அவராகவே நினைத்துக்கொண்டார்.

இப்போது அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். செஞ்சிக் கோட்டைக்குள் இருக்கிற பழைய கல்யாண மகால் படியில் பச்சைப் பட்டில் உட்கார வைத்து எழிலரசனே எடுத்த படம்தான் எல்லோருக்கும் போனது. இரண்டு இடத்துக்காரர்கள் வந்தார்கள். இரண்டு வீட்டாரும் கேசரியைச் சாப்பிட்டார்கள், பெண்ணைப் பார்த்தார்கள், போனைப் பார்த்தார்கள், மறுபடி பெண்ணைப் பார்த்தார்கள். "போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்தவர்கள் சொல்லி அனுப்பவேயில்லை. மணிமொழி ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் நடந்தாள். அன்புக்கரசி மறுநாள் காலை பஸ் ஏறிப் பள்ளிக்குப் போனாள்.

மூன்றாவதாக ஒரு இடம் அமைந்தது. பையன் பெயர் இளவழகன், வந்தவாசியில் விவசாய மோட்டார் கடை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் பிள்ளையுமாகக் கோட்டை பார்க்க வருவதாகவும், வீட்டுக்கு வந்து சம்பிரதாயம் எல்லாம் வேண்டாம், பொதுவான இடத்தில் பெண்ணைப் பார்த்துக்கொள்கிறோம் என்றும் சொன்னார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எழிலரசனின் புகைப்படக் கண்காட்சி, அங்கேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவானது.

அவருக்கு எதற்குக் கண்காட்சி என்று கேட்கலாம். அவரும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். ஊரில் நண்பர்கள் வட்டம் என்று ஒன்று. அதன் செயலாளர் ரங்கநாதன் வந்து, கோட்டையைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள், கோட்டையடியில் இருக்கிற மனிதர்களை நீ எடுத்தாய், அதை ஊர்க் கல்யாண மண்டபத்தில் மாட்டு என்று பிடித்த பிடியில் நின்றார். சரி என்று சொன்ன நிமிஷத்திலிருந்து எழிலரசனுக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாண ஆல்பத்தில் பெண் கண்ணை மூடியிருந்தால் திட்டுவதற்கு ஒரு வீடுதான் உண்டு. சுவரில் மாட்டினால் ஊரே திட்டலாம். ஆல்பத்தில் இருப்பவர்கள் தங்களைத் தேடுவார்கள், எடுத்தவன் தப்பித்துக்கொள்வான். கண்காட்சியில் எடுத்தவனையல்லவா தேடுவார்கள்? அங்கே போய் எதைக் காட்டுவது? மகளின் கல்யாண மகால் படத்தையும் அவர் அதில் சேர்த்திருந்தார். எடுத்ததிலேயே அது ஒன்றுதான் பயமில்லாமல் எடுத்தது.

பெரிய அளவில் அச்சடிக்கும் மிஷின் ஊரில் தௌசீஃபிடம்தான் இருந்தது. வியாழக்கிழமை பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எதிரி வீட்டுக்குச் சம்பந்தம் பேசப் போகிறவர் மாதிரி ரோட்டைத் தாண்டினார். தௌசீஃப் படங்களைத் திறந்தான். நாற்காலியில் உட்காரப் போன எழிலரசன் அப்படியே நின்றுவிட்டார். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் குஞ்சம்மாள், ஆடு ஓட்டுகிற கன்னியப்பன், எல்லோர் முகத்திலும் கோதுமை மாவைக் கொட்டியது போல இருந்தது. கடைசியாக அன்புக்கரசி வந்தாள். பச்சைப் புடவை பச்சையாகத்தான் இருந்தது. முகம் யாருடையதோ.

"இன்னா பாய் பண்ண? உன் ஆப்பிளு கெடுக்குது."

தௌசீஃப், ஒரு வாடிக்கையாளர் சரிபார்க்கக் கொடுத்துப்போயிருந்த விண்டோஸ் லேப்டாப்பை எடுத்து அதில் அதே படத்தைத் திறந்தான். தன் போனிலும் திறந்தான். மூன்றையும் வரிசையாக வைத்தான். மூன்றிலும் அதே வெளுப்பு.

"ரெண்டு கம்பெனியும் ஒண்ணா சேந்து பொய் சொல்லுமாண்ணா?" என்றான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "விண்டோஸ் மேல தப்பு இல்ல. உன் மானிட்டரு கெழமாயிட்ச்சு. அது இருட்டா காட்டுது, நீ வெளிச்சம் ஏத்திக்கினே போற" என்றான்.

எத்தனை கல்யாணம், எத்தனை ஆல்பம் என்று நினைக்கக்கூட எழிலரசனுக்குத் தோன்றவில்லை. பெண்ணையும் போனையும் மாறி மாறிப் பார்த்த அந்த இரண்டு வீட்டுக்காரர்களின் கண்தான் திரும்பத் திரும்ப வந்தது. அவர்கள் தேடி வந்த பெண் ஒருத்தி, பார்த்தது இன்னொருத்தி. ஜாதகமாவது கட்டமாவது. பெற்ற அப்பனே மகளை இரண்டு சபையில் உட்கார வைத்து அவமானப்படுத்தியிருக்கிறான். மூன்றாவது சபைக்கு அதே படத்தை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறான்.

அன்றும் மறுநாளும் தௌசீஃபின் திரையில் இருவரும் உட்கார்ந்து எல்லா முகங்களையும் பழைய நிலைக்கு இறக்கினார்கள். அன்புக்கரசியின் முகத்துக்கு அவளைப் பக்கத்தில் உட்கார வைக்கத் தேவைப்படவில்லை. எழிலரசன் கண்ணை மூடித் திறந்து, "போதும், இதான்" என்றார். இறக்கிய படத்தை இளவழகன் வீட்டுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒன்றும் எழுதாமல் அனுப்பினார். பார்த்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. சனிக்கிழமை முழுக்க அந்த நீலக் கோட்டைத் திறந்து திறந்து பார்த்தார்.

"உன்ன யாரு அனுப்பச் சொன்னது?" மணிமொழி பிடித்துக்கொண்டாள். "நேர்ல வந்து பாத்தா புடிச்சிருக்கும். இப்ப வராமலே பூடுவாங்க."

"வந்து பாத்துட்டு போறதுக்கு, வராமலே போவட்டும்" என்றார் எழிலரசன். சொன்னாரே தவிர, வராமல் போனால் மகளிடம் என்ன சொல்வது?

ஞாயிறு காலை மண்டபத்தில் முதல் ஆளாக வந்தது குஞ்சம்மாள். கூடையை வாசலில் இறக்கிவிட்டு, தன் படத்தின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இன்னா எழிலு இது? எம் பொண்ணு கல்யாணத்துல என்ன எப்டி கலரா எடுத்த! இப்ப ஊரு பாக்கச்சொல்ல இப்டி கருக்கி வெச்சிட்டியே!"

அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார்கள். ஊருக்கு வெளுப்புதான் பிடிக்கிறது என்றால் வந்தவாசிக்கு மட்டும் வேறா பிடிக்கும்? மகளின் படத்தைக் கழற்றி உள்ளே வைத்துவிடலாமா என்று எழிலரசன் இரண்டு தரம் எழுந்தார். அதற்குள் மணிமொழியும் அன்புக்கரசியும் வந்துவிட்டார்கள். மணிமொழி தன் பங்குக்கு மகள் முகத்தில் பவுடரை அப்பி அழைத்து வந்திருந்தாள். அன்புக்கரசி ஒரு தூணோரம் போய் நின்றாள். படங்கள் இருந்த பக்கம் திரும்பவில்லை.

சொன்ன நேரம் தாண்டி வெகுநேரம் கழித்து இளவழகனும் அவன் அம்மாவும் வந்தார்கள். அந்த அம்மாள் பெண்ணைத் தேடவில்லை, நேராகக் கல்யாண மகால் படத்தின் முன் போய் நின்றார்.

"ரெண்டு போட்டோ வந்துச்சு. இவன் ஒண்ண காட்டி ஒண்ணு மாத்துறாங்கன்றான். எதுதான் உங்க பொண்ணு?"

எழிலரசன் முன்னால் வந்தார். "ரெண்டாவதுதாங்க. மொதல்ல வந்தது... என் மானிட்டரு கெட்டுப்போச்சுங்க. தப்பு என்னுது. பொண்ணு மேல ஒண்ணும் இல்லிங்க."

அந்த அம்மாள் தூணோரம் நின்றவளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். இளவழகனும் பார்த்தான். போனை யாரும் எடுக்கவில்லை. அன்புக்கரசியிடம் பள்ளிக்கூடம், பஸ் வசதி என்று ஏதோ கேட்டார்கள், அவள் சொன்னாள். கிளம்பும்போது அந்த அம்மாள், "மலையேறிட்டு வந்து சொல்றோம்" என்றார். இளவழகன் படி இறங்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தான். படத்தைப் பார்த்தானா, பெண்ணையா என்று எழிலரசனுக்குத் தெரியவில்லை. சொல்றோம் என்றுதானே முன்னால் வந்தவர்களும் சொன்னார்கள்? மணிமொழி அவர்களோடு பேசிக்கொண்டே வாசல்வரை போனாள்.

எழிலரசன் மகள் பக்கத்தில் போய் நின்றார். "அந்த ரெண்டு எடமும் என்னாலதாம்மா போச்சு. மன்னிச்சுக்கோ" என்றார்.

அன்புக்கரசி அப்போதுதான் சுவரிலிருந்த தன் படத்தைப் பார்த்தாள். கிட்டே போய்ப் பார்த்தாள்.

"இது யாரு போட்டது?"

"தௌசீஃப் மிஷின்ல போட்டது. என் மானிட்டரு மங்கிப் போயிருந்துதாம். எனக்குத் தெரியல."

"உன் மானிட்டர்ல நான் எப்டி தெரிஞ்சேன்?"

"இப்டியேதான். எப்பவும் இப்டியேதான் தெரிஞ்ச. அதுக்குத்தான உன்ன பக்கத்துல உக்கார வெச்சு பாத்து பாத்து பண்ணேன்."

"அப்ப நீ எனக்கு கலர் ஏத்தலையா?" என்றாள்.

"உனக்கு எதுக்கும்மா ஏத்தணும்?"

"பத்தாவதுலேர்ந்து நீ என் மூஞ்சியயும் ஸ்க்ரீனையும் பாத்து பாத்து ஏத்துறன்னு நெனச்சிக்கினு இருந்தேன், நைனா. எவ்ளோ ஏத்துனா வெளில காட்டலாம்னு பாக்குறன்னு."

அத்தனை வருஷம் அந்த ஸ்டூலில் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளையை எழிலரசன் இப்போதுதான் பார்த்தார். கண் நிறைந்து எதிரிலிருந்த படம் கலங்கியது. அன்புக்கரசியும் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அம்மா அப்பிய பவுடர் முந்தானையோடு வந்துவிட்டது. அவள் அதைப் பார்த்தாள், மீதியையும் அழுத்தித் துடைத்தாள்.

சட்டைப்பையில் போன் அடித்தது. வந்தவாசி நம்பர். மலையடிவாரம்கூட இன்னும் போயிருக்க மாட்டார்கள். எடுக்கப் போன எழிலரசனின் கையை அன்புக்கரசி பிடித்துக்கொண்டாள்.

"இரு, அப்புறம் பேசலாம். மொதல்ல இந்தப் படத்த எனக்கு அனுப்பு" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தௌசீஃப் அண்ணன் கடையிலேர்ந்து அனுப்பு. உன் கம்ப்யூட்டர் வேணாம்" என்றாள்.