கல்முனைக்கு ஒரு செத்த கமெராவுடன்

1980 ஜூன் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை ஆறேகாலுக்குக் கண்டியிலிருந்து புறப்படும் கல்முனை பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் இருபத்திரண்டு ரூபாய் ஐம்பது சதம். தூரம் ஏறத்தாழ நூற்று முப்பது மைல். ஊர் பார்க்கப் போகிறவனாக இருந்தால் இந்தப் பயணத்தைப் பற்றி நல்ல வார்த்தை நாலு சொல்லியிருப்பேன். நான் போனதோ, என் கமெரா பழுதாகிவிட்டது என்பதை ஓர் இன்ஷூரன்ஸ் கந்தோரில் நிரூபிப்பதற்கு.

கண்டியில் எனக்கு ஒரு சிறிய ஸ்டூடியோ இருக்கிறது. ஏப்ரல் மாதம், கலண்டர் அச்சடிக்கும் ஒருவருக்காகக் கரைவலை இழுப்பதைப் படமெடுக்கக் கல்முனைக்குப் போயிருந்தேன். கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் விட்டுவிட்டுத் தோணியில் போய், கடலில் அரைவட்டமாக வலையைப் போட்டுத் திரும்புவார்கள். பிறகு கரையில் நின்று இரண்டு பக்கமும் இழுப்பார்கள். அண்ணன் முறையில் ஊரார் காக்கா என்று கூப்பிடும் வலைக்காரர் ஆதம்பாவாவின் தோணியில் நானும் ஏறினேன். திரும்பி வரும்போது அலை அடித்தது, தோணி சரிந்தது, கமெரா விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதே வலையில், சூடை மீன்களுக்கு நடுவே, கமெரா கரைக்கு வந்து சேர்ந்தது. காப்புறுதிப் படிவத்திலும் இவ்வளவுதான் எழுதினேன்.

ஆம், காப்புறுதி செய்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் முன்யோசனையோடு செய்த ஒரே காரியம் அது. அதற்குத்தான் இத்தனை தண்டனை. இரண்டு மாதம் கடிதம் எழுதிக் கை வலித்த பிறகு, விபத்து நடந்த பகுதிக் கந்தோரில்தான் விசாரணை, கமெராவுடன் நேரில் போகவும் என்று பதில் வந்தது. ஆவணியில் நான்கு கல்யாணங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். நட்டஈடு வந்தால் புதுக் கமெரா. வராவிட்டால் ஸ்டூடியோவை மூடிவிட்டு மைத்துனரின் புடவைக்கடையில் துணி கிழிக்க வேண்டியதுதான். அவர் எனக்கு இடம் ஒதுக்கிவைத்துக்கொண்டு காத்திருந்தார் என்பது என் எரிச்சலை இன்னும் கூட்டியது.

எட்டரை மணிக்கு ஹுன்னஸ்கிரியவைத் தாண்டி, பதினெட்டு வளைவுகளில் பஸ் இறங்கியது. குளிர் போய்ப் புழுக்கம் வந்தது. மஹியங்கனையில் பதினைந்து நிமிடம் நிறுத்தினார்கள். அங்கே எனக்குப் பக்கத்தில் சம்மாந்துறை நெல் வியாபாரி ஒருவர் வந்து உட்கார்ந்தார். என் மடியில் துவாயால் சுற்றியிருந்ததைக் கண்டதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"மடியில என்ன தம்பி, புள்ளையா?"

"கமெரா. செத்துப்போச்சு."

"இன்னா லில்லாஹி! அப்ப அடக்கத்துக்கா கொண்டு போறீங்க?"

"மரண விசாரணைக்கு" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்பாறை தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல், பச்சை. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று ஜன்னலால் அடுப்பு வெக்கையை அள்ளி வீசியது. சம்மாந்துறையில் அவர் இறங்கும்போது, "காரியம் சரி வரும், துஆக் கேக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். காரைதீவுச் சந்தியில் பஸ் வடக்கே திரும்பி, சாய்ந்தமருதைக் கடந்து, பிற்பகல் இரண்டரைக்குக் கல்முனையில் என்னை இறக்கிவிட்டது.

கந்தோர் பிரதான வீதியில், ஒரு கடைக்கு மேல்மாடியில் இருந்தது. உத்தியோகத்தர் வெளியே போயிருப்பதாகவும் நாளைக்கு வரும்படியும் பியோன் சொன்னார். "இன்றைக்கு வரச்சொல்லிக் கடிதம் அனுப்பியிருக்கிறார்களே" என்று காட்டினேன். கடிதத்தை வாங்கி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "ஓம், இண்டைக்குத்தான்" என்று ஒத்துக்கொண்டார். அதற்கு மேல் அவர் என்ன செய்வார்? பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு லொட்ஜில் தங்கினேன். ஆதம்பாவா காக்காவுக்கு நான் வந்ததைச் சொல்லி அனுப்பவில்லை. சொன்னால் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய் மூன்று நேரமும் சாப்பாடு போடுவார். எனக்குத் தேவைப்பட்டது காசோலை.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு உத்தியோகத்தர் இருந்தார். யோகராசா என்று பெயர், பாண்டிருப்புக்காரர், மரியாதையான மனிதர். மரியாதையாக இருந்ததால் கோபத்தைக் காட்டவும் வழியில்லை. முதலில் படிவத்தை இன்னொரு முறை மூன்று பிரதிகளில் நிரப்பச் சொன்னார். நிரப்பினேன். பிறகு கமெராவை வாங்கி ஆட்டினார். மேசைமேல் மணல் கொட்டியது. "மணல் உண்டு" என்று எழுதிக்கொண்டார்.

"இதால ஒரு படம் எடுத்துக் காட்டுங்க சேர்."

"எடுக்க ஏலாது. அதுக்காகத்தானே வந்திருக்கேன்."

"அது விளங்குது. ஆனா எடுக்க ஏலாது எண்டத நான் கண்ணால பாக்கணும்."

கமெராவைக் கண்ணில் வைத்து, அவரைக் குறிபார்த்து, பட்டனை அமுக்கினேன். பட்டன் அசையவில்லை. அவர் என்னவோ சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தார். பத்தரை மணிக்கு ஃபைல் வந்தது. அதற்குள் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி இருந்தது. ஏப்ரலில் பொலிஸ் நிலையத்தில் என்னிடமும் காக்காவிடமும் தனித்தனியாகக் கேட்டுச் சிங்களத்தில் எழுதியது. சிங்களம் பேசுவேன், வாசிக்க வராது. யோகராசா அதைச் சுட்டுவிரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"சேர், தோணிக்காரர் என்ன சொல்லியிருக்கார் எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"அலை அடிச்சதைச் சொல்லியிருப்பார்."

"'கமெரா விழுந்தது என்ட கையால. அவர்ல ஒரு பிழையும் இல்ல.' இப்படி இருக்கு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் காப்புறுதிப் பத்திரத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, எறும்பு அளவான எழுத்தில் இருந்த ஒரு பிரிவைக் காட்டினார். வேறொருவர் கையால் வந்த சேதத்துக்கு நட்டஈடு கிடையாது.

"அவர் வாக்குமூலத்த மாத்திக் குடுத்தா நான் சேத்து அனுப்பலாம். இண்டைக்கு மூண்டு மணிக்குள்ள கொண்டு வாங்க. அதுக்குப் பிறகு ஃபைல் கொழும்புக்குப் போயிடும்" என்றார்.

படியிறங்கினேன். இந்த மனிதருக்கு ஏன் இந்த வேலை? விருந்தாளிமேல் பழி வரக்கூடாது என்று உபசாரத்துக்குச் சொன்ன பொய் என்றுதான் நினைத்தேன். இவர்களுடைய உபசாரத்துக்கு ஓர் எல்லையே இல்லையா? என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டாரே!

கல்முனைக்குடியில் அவர் வீட்டுக்குப் போனபோது பன்னிரண்டேகால். அவர் ஜும்மாவுக்குப் போயிருந்தார். ஊரே போயிருந்தது. கடைகள் பூட்டு. ஒரு தேத்தண்ணி குடிக்கவும் வழியில்லை. கடற்கரைப் பக்கமாக ஒரு வேலி ஓரத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றேகாலுக்கு வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக அவர் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், வலை இழுத்த தோள்கள்.

"ஆரு, ஸ்டூடியோத் தம்பியா! எப்ப வந்த? ஏன் வெளியில நிக்கிறீங்க, வாங்க, சாப்பிடுவம்."

"காக்கா, பொலிஸ்ல என்ன சொன்னீங்க? கமெரா உங்க கையால விழுந்துச்சுன்னு சொன்னீங்களா?"

"ஓம்."

"ஏன் காக்கா இப்படிப் பொய் சொன்னீங்க?"

அவர் முகம் மாறிவிட்டது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"பொய்யா? ஜும்மா தொழுதிட்டு வந்து வாசல்ல நிக்கிறன் தம்பி. அந்தச் சொல்ல எனக்குச் சொல்லாதீங்க. அண்டைக்கு அலை அடிச்ச நேரம் நீங்க தோணிக்கு வெளிய போயிட்டீங்க. பாதி உடம்பு கடலுக்குள்ள. நீந்தத் தெரியா எண்டு ஏறக்குள்ளயே சொன்னீங்கதானே? நான் உங்கட வலது மணிக்கட்டப் புடிச்சி இழுத்தன். அந்தக் கையிலதான் கமெரா. என்ட இழுவையிலதான் உங்கட விரல் விட்டுட்டு. பொலிஸ் சார்ஜன் கேட்டாரு, எப்படி விழுந்தது எண்டு. நடந்ததச் சொன்னன்."

அது எனக்குத் தெரியாததல்ல. மணிக்கட்டில் அவர் விரல் பதிந்த தடம் ஒரு கிழமை இருந்தது. வாய்க்குள் உப்புத் தண்ணீர் போனதும் நினைவிருக்கிறது. படிவத்தில் அதை எழுத இடம் இருக்கவில்லை. எழுதாமல் விட்டுவிட்டு, நானும் அதை மறந்துபோயிருந்தேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "மற்றக் கையப் புடிச்சிருந்தா கமெராவும் தப்பியிருக்கும் எண்டு ரெண்டு மாசமா இதே கதைதான் தம்பி. சோத்துக்கு முன்னால இருந்தாலும் இதுதான் கதை."

"சும்மா இரி புள்ள" என்றார் காக்கா. ஆனால் மறுக்கவில்லை.

பாயில் உட்காரவைத்துப் பாரைமீன் ஆணமும் சோறும் பரிமாறினார்கள். கடைசியில் எருமைத் தயிர். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி, மூன்று மணிக் கெடுவையும் ஸ்டூடியோவையும் ஆவணிக் கல்யாணங்களையும் சொன்னேன். வாக்குமூலத்தை மாற்றித் தர முடியுமா என்றும் கேட்டுவிட்டேன். அவர் கை கழுவிவிட்டு, ஒரு கொப்பித் தாளையும் பேனையையும் எடுத்து வந்தார்.

"உங்களுக்காக எழுதலாம். என்ன எழுதணும் எண்டு நீங்களே சொல்லுங்க. நான் உங்களப் புடிக்கல்ல எண்டு எழுதவா?"

குத்திக்காட்டவில்லை. பேனை மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் சொல்லப்போவதை எழுதக் காத்திருந்தார். பொலிஸில் சொன்னதை மாற்றினால் சார்ஜன் அவரைக் கூப்பிட்டு விசாரிப்பார், ஊர் பார்க்கும். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "வேண்டாம் காக்கா" என்றேன்.

இரண்டே முக்காலுக்குக் கந்தோரில் நின்றேன். கோரிக்கையை வாபஸ் வாங்குகிறேன் என்றேன். அதற்கும் ஒரு படிவம், அதற்கும் மூன்று பிரதிகள். "காரணம்?" என்று யோகராசா கேட்டார். தோணிக்காரர் சொன்னது உண்மை என்று சொல்லி, நடந்ததை முழுதாகச் சொன்னேன். அவர் பேனையை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்ல விசயம்தான் சேர். ஆனா ஆள் தப்பினது எங்கட படிவத்தில வராது. பொருளுக்கு மட்டும்தான் இடம்" என்றார் கடைசியில். 'சொந்தக் காரணம்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். வாசலில் பியோன், நேற்று நான் கொடுத்த கடிதம் இனித் தேவையா என்று கேட்டார். அந்த மனிதரை நான் அடிக்காமல் வந்தது பெரிய காரியம்.

சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குக் கண்டி பஸ். ஆதம்பாவா காக்கா வழியனுப்ப வந்திருந்தார். "கமெராவுக்கு இனி என்ன செய்யப்போறீங்க?" என்று கேட்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு மனம் இளகிவிட்டது. "கமெரா போனாப் போகட்டும் காக்கா. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல" என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. மஹியங்கனை வரைக்கும் என் பெருந்தன்மையை எண்ணி நானே நெகிழ்ந்துகொண்டு வந்தேன்.

கண்டியில் இறங்கும்போது தூறல். கல்முனை வெயிலுக்குப் பிறகு அது இதமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு மைத்துனரின் புடவைக்கடைதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. வீட்டில் மனைவி, "குடுத்தாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லி, அலை அடித்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீங்களா கடல்ல விழுந்தீங்க? ரெண்டு மாசமா கமெரா விழுந்துச்சு, கமெரா விழுந்துச்சுன்னுதானே சொன்னீங்க?"

அவள் அழுதாள். பிறகு, நீந்தத் தெரியாமல் தோணியில் ஏறியதற்குத் திட்டினாள். கமெராவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த மனுஷன்கிட்ட என்ன சொல்லிட்டு வந்தீங்க?" என்று கேட்டாள்.

அவரை மன்னித்துவிட்டு வந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.