பாத்திரத் தண்ணீரில் வளர்ந்த காடு

அவர் வனக்காவலர். காவல் காத்த காட்டில் பெயருக்குக்கூட ஒரு மரம் கிடையாது. மொட்டைப் பாறை, முள், வெயில், அவ்வளவுதான். சர்க்கார் காடு என்று சொல்லிவிட்டால் காடுதான். அதற்குள் வந்த ஆட்டுக்காரர்களை விரட்டி விரட்டியே மனுஷனுக்கு முழங்கால் தேய்ந்துபோனது. மனைவி அவரைக் 'காட்டான்' என்றுதான் கூப்பிடுவாள். கோபத்துக்கும் அதே பெயர், கொஞ்சலுக்கும் அதே பெயர்.

நிஜக் காடு அவர் வீட்டைச் சுற்றி இருந்தது. அவள் வளர்த்தது. பிள்ளைகுட்டி இல்லாத வீடு. பாத்திரம் கழுவின தண்ணீரைச் சொட்டு விடாமல் செடிகளுக்கு ஊற்றினாள். அவை மரமாகி அடர்ந்து, பட்டப்பகலிலும் வீட்டில் விளக்குப் போட வேண்டியதாயிற்று.

அந்த வழியாகச் சாலை வருகிறது, மரங்களை வெட்டப் போகிறார்கள் என்றதும் அவள் சோறு தண்ணி இல்லாமல் படுத்துவிட்டாள். அவருக்குப் பொறுக்கவில்லை. ஆபீஸ் ஆபீஸாக நாயாய் அலைந்தார்.

"அய்யா, மொட்டைப் பாறையைக் காடுங்கறீங்க. இங்க இவ்வளவு மரம் நிக்குது. இதையும் காட்டோட சேத்துருங்கய்யா."

கடைசியில் பெரிய அதிகாரி நேரில் வந்து, அண்ணாந்து பார்த்துத் தலையாட்டினார். வீட்டைச் சுற்றின மரங்களும் சர்க்கார் காடாயின; சாலை ஒதுங்கிப் போனது. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்கணுமே!

பாவி மனுஷன், காலமெல்லாம் ஊருக்குச் சொன்ன சட்டத்தைத் தன் வீட்டுக்கு யோசிக்க மறந்தார். காட்டுக்குள் யாரும் குடியிருக்கக் கூடாது. வீடோ காட்டுக்கு நட்டநடுவில். காலி பண்ணச் சொல்ல வேண்டியவரும் அவரேதான்.

சொன்னார். "ஊரை விரட்டினது போதாதுன்னு என்னையுமா?" என்று மட்டும் அவள் கேட்டாள். அதற்குப் பதிலாக அவள் அவரை நாலு அறை விட்டிருக்கலாம்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வாடகை ரூமுக்குக் குடிபோனார்கள். மறுநாள் சாயங்காலம் அவர் வேலியோரம் காவல் நிற்கும்போது வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் வந்தாள். அவர் குறுக்கே போய் நின்றார்.

"உள்ள போகக் கூடாதும்மா. உன்னை விட்டா ஆட்டுக்காரங்களையும் விடணும்."

அவள் சண்டை போடவில்லை. வாளியை அவர் காலடியில் வைத்தாள்.

"நீங்க போகலாம் இல்ல? அடுப்படி ஜன்னல் பக்கத்துச் சின்னதுக்கு முதல்ல ஊத்துங்க. வாளியைக் கொண்டாந்துடுங்க, காட்டான். நாளைக்கும் வேணும்."

திரும்பிப் பார்க்காமல் ரோட்டைக் கடந்தாள். அவர் முழங்காலைப் பிடித்தபடி குனிந்து வாளியைத் தூக்கினார்.