சிலுவை ஆணியில் வேப்பிலை

எழுபதுகளில் ராயப்பன்பட்டியில் ஒரு கத்தோலிக்க விடுதியில் தங்கிப் படித்தபோது எனக்கு அம்மை போட்டது. செய்தி கேட்டு மார்க்கையன்கோட்டையிலிருந்து அம்மா வந்தாள்.

"பிள்ளையக் கூட்டிட்டுப் போறேன் சாமி. வேப்பிலை கட்டாம இங்கன விட்டுட்டுப் போக மனசு வரல" என்றாள் விடுதிப் பாதிரியாரிடம்.

அவரிடம் நாங்கள் யாரும் நிமிர்ந்து பேச மாட்டோம். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"இந்தக் காய்ச்சலோட பஸ்ல போனா தாங்க மாட்டான். இங்கனயே கட்டுவோம்மா" என்றவர், தானே போய் வேப்பங்கொத்தை ஒடித்து வந்தார். வாசல் நிலையில் சிலுவை தொங்கிய ஆணி ஒன்றுதான் இருந்தது. அதிலேயே கட்டினார்.

அம்மா பையைக் கீழே வைத்தாள். "அவுகளே கட்டிட்டாகடா" என்றாள் என்னிடம்.

அவர் மாரியம்மனைக் கும்பிட்டவரில்லை. அம்மா கடைசிவரை மதம் மாறவில்லை. நான் பிழைத்துக்கொண்டேன். எந்தச் சாமி பெரிது என்ற பேச்சில் அதன்பின் நான் சேர்ந்ததில்லை.