பாறைக்குள் ஒளித்த குழாய்

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை, என் குழாய் வேலையைக் குறை சொன்னவர் யாரும் இல்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பெருமைதான் என் வீட்டிலேயே என்னைக் கவிழ்த்தது.

ஒரு டாக்டர் வீட்டில் வேலைக்குப் போனபோது முன்னறையில் நாலடி நீளத்தில் கடல்மீன் தொட்டி ஒன்றைப் பார்த்தேன். பாறை அந்தரத்தில் நிற்பதுபோல் இருந்தது. சுற்றிலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் குழாய் ஒன்றைக்கூடக் காணோம். குழாய்க்காரன் கண்ணுக்கே குழாய் தெரியவில்லை என்றால் எப்படி இருக்கும்! வாயைப் பிளந்து நின்றேன்.

நானும் என் வீட்டில் ஒன்று செய்தேன். பிவிசி குழாயை வெட்டி ஒட்டி, கட்டில் சட்டம் மாதிரி தொட்டியின் அடியில் நிறுத்தினேன். அதன்மேல் பாறை உட்காரும். சட்டம் முழுக்கச் சின்னத் துளைகள். மோட்டார் அதற்குள் தண்ணீரைத் தள்ளினால் பாறைக்குப் பின்னாலிருந்து பீய்ச்சும், அழுக்கு எங்கும் தங்காது. பவழப்பாறையைக் கடலிலிருந்து எடுப்பது குற்றம் என்பதால் சிமென்டையும் சிப்பித்தூளையும் குழைத்து நானே பாறை வார்த்து, வாரக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டேன். காஞ்சிரங்குளம் பக்கத்துக் கடலிலிருந்து கேன் கேனாகத் தண்ணீர் கொண்டுவந்தேன். மோட்டாரைப் போட்டதும் என் மனைவி சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினாள். தீனி போடும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். வெள்ளை மீசை வைத்த சிவப்பு இறால் ஒன்று அவள் விரலில் ஏறி நின்று தின்னும்.

மூன்றாவது வாரம் அந்த இறால் செத்துக் கிடந்தது. பிறகு நத்தைகள், ஒன்றுவிடாமல். புதிதாக இறால் வாங்கி விட்டேன், அவையும் ஒவ்வொன்றாகப் போயின. மீன்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. எனக்குத் தலை சுற்றியது. சோப்புக் கையை விட்டாயா, எண்ணெய்க் கையை விட்டாயா என்று அவளைக் குடைந்தேன். இல்லை என்றாள். நான் நம்பவில்லை. கடைசி இறாலும் மல்லாந்து கிடந்த காலையில், "உனக்க கை பட்டா ஒண்ணும் வெளங்காது" என்று கத்திவிட்டேன்.

அன்றோடு தொட்டிப் பக்கம் வருவதையே விட்டுவிட்டாள். திமிர் என்று நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து, திருவனந்தபுரத்தில் கடல்மீன் விற்கும் ஒருவரிடம் போனில் புலம்பினேன். அவர் ஒரே கேள்வி கேட்டார்.

"சேட்டா, உள்ளில் பித்தளை வல்லதும் உண்டோ?"

தொட்டிக்குள் பித்தளை ஏதாவது உண்டா என்கிறார். இருந்தது. மோட்டார் குழாய் சட்டத்தோடு சேரும் இடத்தில் குழாயை வளைத்துத் திருப்பும் எல்போ நாலு இருந்தன. வெறும் பிளாஸ்டிக் எல்போ போதும். ஆனால் நான் லேசுப்பட்ட ஆளா? உள்ளே பித்தளை மரை வைத்ததுதான் போடுவேன். வீடு இடிந்தாலும் இது அசையாது என்று எல்லா வீட்டிலும் சொல்லிச் சொல்லிப் போடுகிறவன். உப்புத்தண்ணீர் பித்தளையை அரிக்கும், அதிலிருந்து கரையும் செம்பு மீனை விட்டுவிட்டு இறாலையும் நத்தையையும் கொல்லும் என்று அவர் விளக்கினார். முழுசாகக் கேட்காமலே போனை வைத்துவிட்டேன்.

பாறைகளைத் தூக்கி வெளியே வைத்துவிட்டுச் சட்டத்தைப் பிடுங்கினேன். நாலு எல்போவிலும் பச்சை பூத்திருந்தது. யார் கண்ணுக்கும் படாத இடத்தில், என் கையாலேயே விஷத்தை வைத்து, அதன்மேல் அழகாகப் பாறையும் அடுக்கியிருக்கிறேன். நம்ப முடியாமல் அதையே பார்த்துக்கொண்டு ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தேன். அவள் முகத்தை நினைத்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது.

அடுக்களையில் அவள் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்போவை நீட்டி எல்லாவற்றையும் சொன்னேன். "நானாக்கும் கொன்னது" என்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பாள், வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். எல்போவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பம் எனக்க கை இல்லியா?"

"இல்ல."

"நெசமாட்டா?"

"நெசமாட்டு."

அவள் எல்போவைத் தரையில் வைத்தாள்.

"வெள்ளறடையில தங்கச்சிக்குப் பிள்ள பிறந்து இருவது நாளாச்சு. போனப்பம் எல்லாரும் தூக்கினாவ. நான் மட்டும் சளியிண்ணு சொல்லி தொடவே இல்ல. எனக்க கை பட்டு அதுக்கு ஏதும் ஆயிரப்பிடாதுண்ணு பயமாட்டு இருந்துது."

கோபத்தில் கத்தியதை அன்று மத்தியானமே மறந்துவிட்டவன் நான். அவளோ அதை அப்படியே நம்பி, இத்தனை நாளும் தன் கையையே பார்த்துப் பயந்துகொண்டு இருந்திருக்கிறாள்.

அவள் எழுந்து குழாயடியில் கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"இப்பமே போவமா?" என்று கேட்டாள்.