மாமியார் தலைகீழாக மிதந்த நாள்

செய்திக்கு மேலே லிப்ட்காரர் பெயர்தான் இருந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

"அனைவருக்கும் வணக்கம். நலமாக இருக்கிறீர்களா? நீண்ட நாட்களுக்குப் பிறகு வருகிறேன். எனக்கு ஓர் உதவி தேவைப்படுகிறது."

பழுதாகி நிற்கும் லிப்டுகளைச் சரிசெய்பவர் அவர். கையில் எப்போதும் கிரீஸ் இருக்கும் என்பதால் போனில் எழுதவே மாட்டார். எல்லாம் குரல் பதிவுதான். அதுவும் "ஏய், யாருப்பா அங்க?" என்றுதான் தொடங்கும். 'ஓர் உதவி' என்று எழுதுகிற ஆளா அவர்?

குழுவின் பெயர் 'கண்ணாடிக் குளம்'. தொட்டியில் மீன் வளர்ப்பவர்கள் போனில் கூடிப் பேசும் இடம். என்னிடம் மீன் கிடையாது. லிப்ட்காரரின் மனைவி படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில் அவளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனேன். பகலில் மீனுக்கும் நான்தான் தீனி போட வேண்டும் என்பதால் அவரே என்னைக் குழுவில் சேர்த்துவிட்டார். அந்தப் பெண் போன பிறகு அவர் குழுவில் வாயே திறக்கவில்லை. நான் விலகாமல் இருந்தேன். அடுத்தவர் சண்டையைப் படிப்பது நல்ல பொழுதுபோக்கு.

சந்தேகப்படக் காரணம் இருந்தது. சில மாதங்களுக்கு முன் இப்படித்தான் காணாமல்போன ஒருவர் பழைய பெயரிலேயே திரும்பி வந்தார். ஒரு லிங்க்கை அனுப்பி, அழுத்திப் பாருங்கள் என்றார். அழுத்தியவர்களின் கணக்கெல்லாம் திருட்டுப்போனது. அன்றிலிருந்து அட்மின் ஒரு விதி வைத்தாள்: நெடுநாள் கழித்து வருகிறவர் யாரானாலும் குரல் காட்ட வேண்டும். ஜெராக்ஸ் கடை நடத்துபவள் அவள். அசல் எது, நகல் எது என்று பார்த்துப் பார்த்துக் கண் பழகியவள்.

"வாங்கண்ணே. ரெண்டு வார்த்தை பேசி அனுப்புங்க," என்று எழுதினாள்.

"இப்போது பேச இயலாது. மாமியார் தலைகீழாக மிதக்கிறார். என்ன செய்வது?"

மாமியார் என்பது மீன். கன்னம் உப்பிய தங்கமீன். கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு அடுப்படியையே பார்த்திருக்கும். "எங்க மாமியார் போறப்ப என்னை வேவு பார்க்க ஆள் வெச்சுட்டுப் போயிருக்காங்க," என்று சொல்லி அவர் மனைவி வைத்த பெயர். தொட்டியில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

"மாமியாரைத் தெரிஞ்சிருக்கே," என்றார் குழுவிலிருந்த பேக்கரிக்காரர்.

"பழசைப் புரட்டிப் படிச்சா எவனுக்கும் தெரியும்," என்றாள் அட்மின்.

"இயலாதாம்ல! எங்க அண்ணன் வாயில இயலாதுன்னு வந்தா ஓடுற லிப்டும் நின்னுடும்," என்றார் பேக்கரிக்காரர்.

ஒரு படம் வந்தது. தண்ணீருக்கு மேல் வெளுத்த வயிறு.

"வயிறு யாருக்கு வேணும்? மூஞ்சியைக் காட்டு," என்றார் பேக்கரிக்காரர்.

"சாயங்காலத்துக்குள்ள குரல் வரலைன்னா குழுவிலேருந்து தூக்கிடுவேன்," என்று அட்மின் முடித்துவிட்டாள்.

நான் அவருக்குப் போன் செய்தேன். துண்டிக்கப்பட்டது. மறுபடி செய்தேன். மறுபடியும் அதே கதை. திருடனாக இருந்தால் சரி. இல்லையென்றால் அதைவிட மோசம். துக்கத்தில் இருப்பவர்கள் திடீரென்று மரியாதையாக எழுதினால் எனக்குப் பிடிக்காது. நான் வேலை பார்த்த வீடுகள் கற்றுத்தந்த பயம் அது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கதவை அவரே திறந்தார். "சிஸ்டரம்மாவா? வாங்க."

ஆள் உயிரோடு இருந்தார். சட்டை துவைத்த சட்டை. அது எனக்குப் போதாது. அவரைத் தாண்டி நேரே அலமாரிக்குப் போய், மனைவியின் தூக்க மாத்திரை இருந்த டப்பாவைத் திறந்தேன். உள்ளே ஸ்க்ரூக்கள்.

"மாத்திரை எங்க?"

"திருப்பிக் குடுக்கச் சொன்னீங்களே. அப்பவே ஆஸ்பத்திரியில குடுத்துட்டேன்."

அடுப்படியில் கழுவிய தட்டு. பிரிட்ஜில் பால். பாதி நம்பினேன்.

"போனை ஏன் கட் பண்ணீங்க? பேசினா முத்து உதிர்ந்துடுமா?"

பழைய குரல் பதிவு ஒன்றைப் போட்டார். பேக்கரிக்காரரின் தொட்டிப் பாசியைப் பற்றி அவர் முழங்கிக்கொண்டிருக்க, பின்னாலிருந்து மனைவியின் குரல்: "ஊர் மீனுக்கெல்லாம் வைத்தியம் பாருங்க. இங்க தண்ணி குழாய் ஒழுகுது!" இன்னொன்றைப் போட்டார். அதிலும் அவள் எதற்கோ திட்டிக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்துலயும் இருக்கா. இப்ப நான் பேசினா பின்னாடி ஒண்ணுமே இருக்காது, சிஸ்டரம்மா. அதை எப்படி அனுப்பறது? அதான் தப்பில்லாம எழுதிக் கேப்போம்னு காலையிலேருந்து உக்காந்து எழுதினேன்."

"நல்லா எழுதினீங்க. திருடன்னே முடிவு பண்ணிட்டாங்க."

தொட்டியைப் பார்த்தேன். வயிறு மேலே, முதுகு கீழே. செவுள் மட்டும் அசைந்தது.

"அது இன்னும் மூச்சு விடுது, தம்பி. அட்மின் உங்களைத் தூக்கிட்டா இதுக்கு வைத்தியம் யாரைக் கேப்பீங்க? பேசுங்க."

பதிவு பட்டனை அழுத்தினார். "ஏய்... யாருப்பா அங்க..." விரலை எடுக்கவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை. அப்போதுதான் தொட்டி ஓரத்தில் தீனி டப்பாவைக் கவனித்தேன். காலி.

"இதை எப்ப வாங்கினீங்க?"

"முந்தாநேத்து. வேலை முடிஞ்சா இது முன்னாடிதான் உக்காந்திருக்கேன். மீன் கண்ணாடிகிட்ட வந்தா அவ ஒரு கிள்ளு தீனி போடுவா. அது வந்துக்கிட்டே இருக்கு. நானும் போட்டுக்கிட்டே இருக்கேன்."

"அடப்பாவி மனுஷா! தின்னே சாகணும்னு வேண்டுதலா அதுக்கு?"

திடுக்கிட்டு விரலை எடுத்தார். பதிவு போய்விட்டது.

அட்மின் எழுதினாள்: "அண்ணனேதான். ஆனா பின்னாடி திட்டறது யாரு? அதுக்கும் சோதனை வைக்கணும்."

போனைப் பிடுங்கினேன். "நோயாளி பார்க்கறவ பேசறேன். மீனுக்கு வயிறு முட்டிக் கிடக்கு. முதல்ல வழி சொல்லு, விசாரணை அப்புறம்."

வழி மளமளவென்று வந்தது. தீனியை நிறுத்துங்கள்; பிறகு வேகவைத்த பட்டாணியைத் தோல் உரித்து, நசுக்கி, துளி கொடுங்கள். பேக்கரிக்காரர் மட்டும் தனியாக எழுதினார்: "வாங்கண்ணே." லிப்ட்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவரைப் பட்டாணி வாங்கி வர அனுப்பினேன்.

அந்த வாரக் கடைசியில் அவராகவே குரல் அனுப்பினார். "ஏய், யாருப்பா அங்க? மாமியார் நிமிர்ந்துட்டாங்க." பின்னால் யாரும் இல்லை. பேச்சு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் பதிவு ஓடியது.

உடனே அட்மின் எழுதினாள்: "அண்ணே, பின்னாடி தொட்டி மோட்டார் சத்தம் சரியில்லையே. தண்ணி ஃபில்டர் அடைச்சிருக்கான்னு பாருங்க."

கழற்றிப் பார்த்தார். அடைத்துத்தான் இருந்தது.