நாற்பத்திரண்டு கல்லும் ஒரு கஞ்சி பனியனும்

என் வீட்டுக்காரர் சவரிக்கு ஓட்டப் பைத்தியம் பிடித்தது 1986-ஆம் வருடம் ஜூன் மாதம். அதற்கு முன்னால் அந்த மனிதர் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியவர் இல்லை. பஸ் போய்விட்டால் அடுத்த பஸ் வராமலா போகும் என்று பீடி பற்றவைக்கிற ஆள். நெடுஞ்சாலைத் துறையில் ரோடு வேலை. பென்னாகரத்தில் வாடகை வீடு, நான், ஒரு பெண் குழந்தை. இவ்வளவுதான் அவர்.

நடுவில் காசநோய் வந்தது. ஒரு தடவை வந்திருந்தால்கூடப் பரவாயில்லை, இரண்டு தடவை வந்தது. முதல் தடவை நாலு மாதம் மாத்திரை தின்றதும் உடம்பு தேறியது. தேறியதும் மாத்திரையை நிறுத்திவிட்டார். நானும் பேசாமல்தான் இருந்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் ஒரு கை ரத்தம் துப்பினார். அப்புறம் ஒன்றரை வருடம் ஊசியும் மாத்திரையுமாகப் போனது. குழந்தையைத் தர்மபுரியில் இருக்கும் என் அக்கா ஆரோக்கியம்மாள் வீட்டில் விட்டிருந்தோம்.

எண்பத்தாறு ஏப்ரலில் பெரியாஸ்பத்திரி டாக்டர் நெஞ்சு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கிருமி இல்லப்பா, உனக்குச் சுத்தமாப் போயிடுச்சு" என்றார். நான் அங்கேயே சிலுவை போட்டுக்கொண்டேன். இவர் மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். போன தடவையும் இப்படித்தானே நல்லாயிருந்தது என்றார். டாக்டர் சொன்னதை நான் நம்பினேன், கூட ரோடு வேலை செய்யும் கேங்கில் நம்பினார்கள், டீக்கடைக்காரர்கூட நம்பினார். சம்பந்தப்பட்ட மனிதர் நம்பவில்லை.

பாப்பாவைத் திரும்பக் கூட்டி வந்தோம். லூர்து மேரிக்கு அப்போது நாலரை வயது. சிலேட்டைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் ஓடும். இவர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, "நல்லாருக்குது, போயி ஆத்தாகிட்டக் காட்டு" என்பார். தூக்கமாட்டார், மடியில் வைக்கமாட்டார், கட்டிலை வாசலில் போட்டுக்கொண்டு தனியாகப் படுப்பார். ஒருநாள் பாப்பா என்னிடம், "ஆத்தா, அப்பாவுக்கு எம்மேல கோவமா?" என்று கேட்டது. அன்றைக்கு அவரைத் திட்டிய திட்டில் பக்கத்து வீட்டு மாடு மிரண்டது என்று இன்றைக்கும் தெருவில் சொல்வார்கள்.

உடம்பு கெட்டதிலிருந்து அவருக்குச் சுளுவான வேலையாகக் கொடுத்திருந்தார்கள். தர்மபுரி ரோட்டில் கிலோமீட்டர் கல்லுக்கு வெள்ளையும் மஞ்சளும் அடித்து, கறுப்பில் எண் எழுதுவது. அப்படி எழுதிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு டீக்கடைச் சுவரில் நோட்டீஸைப் பார்த்திருக்கிறார். இளைஞர் மன்றங்கள் சேர்ந்து மாரத்தான் நடத்துகிறார்கள், ஒகேனக்கல் மலைப்பாதையில் தொடங்கித் தர்மபுரி பள்ளிக்கூட மைதானம் வரை நாற்பத்திரண்டு கிலோமீட்டர், ஆறு மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தால் சான்றிதழ், வருகிற ஜனவரியில்.

"மிக்கேலு, நான் ஓடப் போறேன்" என்றார் என்னிடம்.

"எங்க, கடைக்கா?"

"தர்மபுரிக்கு. நாப்பத்திரெண்டு கல்லு. வாயில ரத்தம் வராம ஓடி முடிச்சுட்டன்னா இது நல்ல நெஞ்சு. அதுக்கப்புறம் பாப்பாவத் தூக்கிக்கறேன்."

"டாக்டர் சொன்னது பத்தாதா உங்களுக்கு?"

"டாக்டரு படத்தப் பாத்துச் சொல்றாரு. நான் நெஞ்சக் கேட்டுத் தெரிஞ்சிக்கறேன்."

ஓடுகிறேன் பேர்வழி என்று நடுரோட்டில் விழுந்து வைத்தால் என் தாலி என்ன ஆவது என்றேன். கேட்கவில்லை. டாக்டரிடமே இழுத்துக்கொண்டு போனேன், அவராவது தடுப்பார் என்று. அந்தப் புண்ணியவான் சிரித்துவிட்டு, "தாராளமா ஓடு. வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டு. இருமல் வந்தா என்கிட்ட வா" என்று அனுப்பிவிட்டார். வேலியில் போகிற ஓணானை நானே எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

முதல் நாள் விடியற்காலையில் கிளம்பினார். அரை கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை, பென்னாகரத்து நாய்கள் அத்தனையும் துரத்தின. திரும்பி வந்து வாசலில் குந்திக்கொண்டு, கைக்குள் துப்பித் துப்பிப் பார்த்தார். வெள்ளைதான். மறுநாள் ஒரு கிலோமீட்டர். அதற்கு அடுத்த வாரம் மூன்று. ஒவ்வொரு தடவையும் துப்பிப் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. தர்மபுரியில் வாங்கிய கேன்வாஸ் ஷூ குதிகாலைக் கடித்துக் கொப்புளம் போட்டது. கால் கட்டைவிரல் நகம் கறுத்துக் கழன்றது. ஆடு மேய்க்கப் போகிறவர்கள் நின்று பார்த்து, "சீக்காளி எங்கடா ஓடறான், எமன் தொரத்தறானா?" என்று சிரித்தார்கள்.

ஒருநாள் கோபத்தில் அந்த ஷூவை எடுத்து ராகிப் பானைக்குள் புதைத்து வைத்தேன். மனிதர் தேடவுமில்லை, கேட்கவுமில்லை. வெறுங்காலோடு போய்விட்டார். உள்ளங்காலில் கருவேலமுள் ஏறி நொண்டிக்கொண்டு வந்தவரைப் பார்த்ததும் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. முள்ளை எடுத்தேன், ஷூவையும் எடுத்துக் கொடுத்தேன். ஷூவுக்குள்ளிருந்து ராகி கொட்டியது. இரண்டு பேரும் சிரித்தோம். வியாதி வந்த பிறகு அவர் சத்தம் போட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் எனக்கும் பைத்தியம் தொற்றிக்கொண்டது. கேங்கில் கூட வேலை செய்யும் மாதையன் அண்ணன் ஒரு பழைய லூனா வண்டி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இவர் ஓடுவார், அவர் லூனாவில் பின்னாலேயே போய் வாட்ச் பார்த்துச் சொல்வார். நான் விடிகாலையிலேயே களி கிண்டி வைப்பேன். ஒரு வட்டில் களியில் தொடங்கியவர் மூன்று வட்டிலுக்கு வந்தார். கன்னத்தில் சதை பிடித்தது. கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுத்தது போல எனக்கு ஒரே சந்தோஷம்.

அக்டோபரில் இருபத்தைந்து கிலோமீட்டர் போகிறேன் என்று போனார். இருபதோடு கால் பிடித்துக்கொண்டு, நிலக்கடலை ஏற்றி வந்த டிராக்டரில் மூட்டையோடு மூட்டையாக வந்து இறங்கினார். அன்று சாப்பிடவில்லை. "முடியாதுடி. இது ஓட்டை நெஞ்சு" என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதார். எனக்கு இரக்கம் வருவதற்கு முன்னால் கோபம்தான் வந்தது.

"கால் பிடிச்சதுக்கு நெஞ்சு என்னாங்க பண்ணும்? காலத் தேய்ங்க. நாளான்னிக்குக் கெளம்புங்க" என்றேன்.

கிளம்பினார். டிசம்பரில் முப்பத்திரண்டு ஓடினார். இருமல் இல்லை, ஒன்றுமில்லை. கிறிஸ்துமஸ் பூசையில் கோயிலே அவரைத் திரும்பிப் பார்த்தது. போட்டி ஞாயிற்றுக்கிழமை என்பதால் பங்குச் சாமியாரிடம் பயந்து பயந்து கேட்டோம். "மறு வாரம் ரெண்டு பூசைக்கும் வந்து உக்காரு, சரியாப்போவும்" என்று தலையில் கை வைத்து அனுப்பினார்.

போட்டிக்கு முதல் நாள் நான் ஒரு காரியம் செய்தேன். புதுப் பனியனைத் துவைத்து, நீலம் போட்டு, திருவிழா வேட்டிக்குப் போடுவது போல கெட்டியாகக் கஞ்சி போட்டுக் காய வைத்தேன். அத்தனை பேர் பார்க்கிற இடத்தில் என் வீட்டுக்காரர் கசங்கின பனியனோடு போய் நிற்பதா? காய்ந்ததும் பனியன் அட்டை மாதிரி தானாகவே நின்றது. ஐம்பத்தேழாம் எண் எழுதிய தாளை அதில் குத்திப் பார்த்தேன். சுருங்காமல் ஜம்மென்று நின்றது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

காலை ஆறு மணிக்கு மலைப்பாதையில் விசில் ஊதினார்கள். போலீஸ்காரர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், காலேஜ் பையன்கள் என்று அறுபது எழுபது பேர். நான் மாதையன் அண்ணன் லூனாவில் மோர்த் தூக்கோடு உட்கார்ந்துகொண்டேன். ஏற்றத்தில் பையன்கள் பாய்ந்தார்கள். இவர் கல் எண்ணிக்கொண்டே அவர் பாட்டுக்கு வந்தார். பென்னாகரம் கடைத்தெருவில் ஜனம் கை தட்டியது. சீக்காளி என்று சிரித்த ஆட்டுக்காரர்களே, "விடாத சவரி, போ போ" என்று கத்தினார்கள். நான் லூனாவில் எழுந்தே நின்றுவிட்டேன். "உக்காரும்மா, ரெண்டு பேரும் பள்ளத்துல கெடப்போம்" என்று அண்ணன் திட்டினார்.

மோரைக் கொடுக்கலாமென்று இண்டூருக்கு முன்னால் போய்க் காத்திருந்தோம். இருபத்தெட்டு கிலோமீட்டர் முடிகிற இடம். ஒன்பதரை ஆகியும் ஆளைக் காணோம். அந்தப் பக்கமிருந்து சைக்கிளில் வந்த ஒருவர், "யாரோ ஒருத்தர் நெஞ்செல்லாம் ரத்தமா உக்காந்திருக்காருங்க" என்றார். லூனாவை அந்தப் பக்கம் திருப்பச் சொல்லி அண்ணனிடம் கத்தினேன்.

அரை பர்லாங்கு தூரம்தான். இவர் எழுதிய கல் மேலேயே உட்கார்ந்திருந்தார். வெள்ளைப் பனியனில் நெஞ்சுக்கு நேராக இரண்டு இடத்தில் ரத்தம், வயிறு வரை ஒழுகியிருந்தது. போட்டி நடத்திய மன்றத்துக்காரர் ஒருவர் கையைப் பிடித்து வேனில் ஏறச் சொல்லிக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்கள் டி.பி.காரன், ரத்தம் கக்கிட்டான் என்று பேசிக்கொண்டார்கள். இவர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தை எதிரிக்கும் கடவுள் காட்டக் கூடாது.

"போச்சு மிக்கேலு. வந்துருச்சு" என்றார்.

"இருமினீங்களா?"

"இல்ல. குனிஞ்சு பாத்தேன், ரத்தம்."

"இருமாம எப்புடிங்க வரும்? துப்புங்க."

என் உள்ளங்கையை நீட்டினேன். அவர் கையைத் தட்டிவிட்டார். "துப்புங்கன்றேன்" என்று நான் போட்ட சத்தத்தில் மன்றத்துக்காரர் பிடியை விட்டுவிட்டார். துப்பினார். வெள்ளை. நுரைத்துப்போன வெறும் எச்சில். அதை அவர் கண் முன்னால் காட்டினேன். டி.பி.காரன் என்றவர்களிடமும் காட்டினேன். பிறகு பனியனைத் தூக்கிப் பார்த்தேன்.

மார்க்காம்பு இரண்டும் தோல் உரிந்து, தேங்காய் துருவியில் தேய்த்தது போல இருந்தன. பனியனைத் தொட்டேன். வேர்வை காய்ந்து, உப்பு பூத்து, என் கஞ்சி மொடமொடவென்று அப்படியே நின்றது. இருபத்தெட்டு கிலோமீட்டரும் அது அவரை அறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. கையில் எச்சிலோடு நடுரோட்டில் நின்று நான் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன்.

"ஏம்மா, கஞ்சி போட்டுப் புருசனக் கொல்லப் பாத்தியே" என்றார் மாதையன் அண்ணன்.

பனியனைக் கழற்றி எறிந்தேன். என் தலையில் வழித்தால் வழிகிற அளவுக்குத் தேங்காயெண்ணெய் இருந்தது. அதை வழித்து அவர் நெஞ்சில் தடவினேன். எண் இல்லாமல் ஓடக் கூடாது என்றார் மன்றத்துக்காரர். தாளைப் பிய்த்து டவுசரில் குத்திவிட்டேன். மோரைக் குடித்தார். "நெஞ்சு ஒண்ணும் பண்ணலயா?" என்று என்னையே கேட்டார்.

"நெஞ்சு நல்லாத்தான் இருக்குது. பொண்டாட்டிதான் சரியில்ல. எந்திரிங்க, நேரமாவுது."

ஓடினார். வெற்று மார்போடு, எண்ணெய் வழிய, தர்மபுரி ரோட்டில் ஓடினார். சோகத்தூர் வரும்போது கால் இரண்டும் கட்டையாகிவிட்டன. கொஞ்சம் நடந்தார், கொஞ்சம் ஓடினார். பதினொன்று இருபது ஆகிவிட்டது. பன்னிரண்டு அடித்தால் கதை முடிந்தது. அவர் தள்ளாடுவதைப் பார்த்துக்கொண்டு லூனாவில் சொகுசாக உட்கார்ந்திருக்க என்னால் ஆகவில்லை. இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்திலேயே ஓடினேன். ஓடினேன் என்ன, திட்டிக்கொண்டே ஓடினேன். நிறுத்தின மாத்திரையிலிருந்து வாசலில் போட்ட கட்டில் வரை ஒன்று விடவில்லை. டவுனில் ஜனம் கடையை விட்டு வெளியே வந்து வேடிக்கை பார்த்தது. மைதானத்து வாசலில் எனக்கு மூச்சு நின்றுபோய்ப் புங்கமரத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் உள்ளே போனார். பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருந்தது. அவருக்குப் பின்னால் மூன்றே பேர்தான் வந்தார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது புழுதியில் மல்லாந்து கிடந்தார். முதல் நாளே தன் வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்த பாப்பாவோடு அக்கா நின்றிருந்தாள். பாப்பா அவள் கையை உதறிவிட்டு அப்பாவிடம் ஓடியது. இரண்டடி தள்ளியே நின்றுவிட்டது. அந்தத் தூரம் அதற்குப் பழக்கமாகியிருந்தது.

இவர் இரண்டு கையையும் நீட்டினார். தூக்க முடியவில்லை, கையில் வலுவே இல்லை. பாப்பாவே போய் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்தது. எண்ணெயும் புண்ணுமாக இருந்த நெஞ்சில் அது உட்கார்ந்ததும் அவருக்கு எரிந்திருக்கும். முகத்தைச் சுளித்தார், திருப்பவில்லை. வாயைத் திறந்து, பாப்பாவின் முகத்துக்கு நேராக மூச்சு வாங்கிக்கொண்டே கிடந்தார். அதன் நெற்றி முடி பறந்து பறந்து விழுந்தது.

"அப்பா, உங்க வாயில மோர் வாசம் அடிக்குது" என்றது பாப்பா. பிறகு முகத்தை இன்னும் கிட்டக் கொண்டுபோய், "இன்னொருக்கா ஊதுங்க" என்றது.

ஊதினார்.